வளையல் கழன்ற கை

ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் கையில் பச்சை குத்திக்கொள்ள ஆசைப்பட்டு, கடையில் கொடுத்த படத்தாளைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தாள். தாமரை, நங்கூரம், இறகு, பிறைநிலா, திசைகாட்டி என்று வரிசையாகச் சிறு சிறு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதன் பொருள். தாமரை என்றால் தூய்மையாம், நங்கூரம் என்றால் உறுதி, இறகு என்றால் விடுதலை, பிறை என்றால் மாற்றம். “அத்தை, நீங்க டிராயிங் டீச்சர்தானே, எனக்கு எது பொருந்தும்னு சொல்லுங்க” என்று கேட்டிருந்தாள். எந்தக் கோடு மணிக்கட்டில் நன்றாக அமரும், எது சில ஆண்டுகளில் பரவி மங்கிவிடும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது பொருளைப் பற்றி. கடலை முதன்முதலில் பாடப்புத்தகத்தில் பார்த்த மாவட்டத்துப் பெண்ணுக்கு நங்கூரம் எந்த வகையில் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கு மேல், அந்தத் தாள் என்னை ஏன் அவ்வளவு எரிச்சல்படுத்தியது என்பதும் விளங்கவில்லை. நானும் வகுப்பில் புறா என்றால் சமாதானம், தராசு என்றால் நீதி என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள்தான். பட்டியலில் குற்றம் இல்லை. பொருளை முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு அதை உடம்பில் ஏற்றிக்கொள்வது என்ற வரிசைதான் எனக்கு உறுத்தியது. ஏன் உறுத்தியது என்று சொல்ல என் அம்மாவின் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மாவின் இரண்டு முன்கைகளிலும் பச்சை உண்டு. வலக்கையில் புள்ளி வைத்து வளைத்த சிறு கோலம், அதன் கீழே ஒரு தேள். இடக்கையில் மணிக்கட்டை ஒட்டி அப்பாவின் பெயர். பாலக்கோட்டுப் பக்கத்து ஊர்களில் அம்மா வயதுப் பெண்கள் பலருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். குறத்தி திண்ணையில் வந்து உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே குத்திவிட்டுப் போன காலம் அது. அகத்திக்கீரையும் மஞ்சளும் அரைத்துத் தடவிய திரியை எண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் தொட்டுத் தொட்டுக் குத்துவார்களாம். தேளுக்கு என்ன பொருள் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். “அதுக்கென்ன அர்த்தம்? குறத்தி வந்தா, ஒரு படி கேழ்வரகு வாங்கிக்கிட்டுக் குத்துனா, அவ்வளவுதான்” என்பாள். தேள்கடி வராது என்று சிலர் சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொள்வாள். அவளைத் தேள் கொட்டியதுண்டு என்பதால் அதை அவளே பெரிதாக நம்பியதில்லை. நகையெல்லாம் கழற்றிக்கொள்வார்கள், பச்சை மட்டும்தான் கூட வரும் என்ற பேச்சு ஊரில் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்வாள்.

பெயரின் கதை வேறு. புருசன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத தலைமுறை அம்மாவுடையது. ரேசன் கடையில் கேட்டால்கூட எங்களைத்தான் சொல்லச் சொல்வாள். வாயால் சொல்லாத பெயரைக் கையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்து தெரியாதவள் என்பதால், அவளைப் பொறுத்தவரை அது படிக்கிற பெயர் ஆகாது, பார்க்கிற படம். குத்திய குறத்திக்கும் எழுதத் தெரியாது. அப்பாதான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாராம். அவள் கோலத்தைப் பார்த்துக் குத்துவதுபோல அதைப் பார்த்துக் குத்தியிருக்கிறாள். எழுதத் தெரியாத ஒருத்தி குத்தி, படிக்கத் தெரியாத ஒருத்தி சுமந்த எழுத்துகள் அவை.

கருமாதி அன்று

அப்பா இறந்தபின் கருமாதியின்போது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. சடங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் நாள் அம்மாவைக் குளிப்பாட்டி, பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி கொள்ளாமல் குங்குமம் இட்டு, இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி உட்கார வைத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வளையல் போட்டிருக்க மாட்டாள். பறிப்பதற்காகவே நிரப்புகிற சடங்கு அது. விடியுமுன் தாலி கழற்றி, பூவை எடுத்து, பொட்டை அழித்து, கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளையல்களை உடைத்தார்கள். செய்தவர்கள் யாரும் கொடியவர்கள் கிடையாது. அவர்களும் முன்னொரு நாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒருத்தி அழுதுகொண்டேதான் உடைத்தாள். வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். “செய்யட்டும், விடும்மா” என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் சொன்ன பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை.

தண்ணீர் ஊற்றிக் கைகளைத் துடைத்தபோதுதான் நான் பார்த்தேன். வளையல் இருந்த இடம் வெறுமையாக இல்லை. இத்தனை ஆண்டுகளாக வளையல்களுக்கு அடியில் பாதி மறைந்திருந்த பெயர் முழுவதுமாக வெளியே வந்திருந்தது. அதில் வரும் ‘ணா’வும் ‘லை’யும் 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருந்தன, ‘ணா’ ஒரே எழுத்தாகக் கீழே சுழித்து, ‘லை’ துதிக்கையைத் தூக்கிக்கொண்டு. அந்தத் துதிக்கையை எனக்குத் தெரியும். அப்பா தக்காளி மண்டியில் கணக்கெழுதியவர். சீர்திருத்தம் வந்த பிறகும் கடைசிவரை பழைய ‘லை’தான் போட்டார், அதன் வளைவை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே பின்னுக்கு இழுப்பார். கணக்குப் புத்தகங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே இழுப்பு, ஊசி முனையால் சற்று நடுங்கி, அம்மாவின் தோலில் இருந்தது. அதுவரை அதை அப்பாவின் பெயர் என்று மட்டும் நினைத்திருந்தேன். அது அப்பாவின் கையெழுத்து என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

தாலிக்கும் மெட்டிக்கும் குங்குமத்துக்கும் பொருள் கொடுத்தது ஊர். கொடுத்ததை ஒரு விடியற்காலையில் ஊரே திரும்ப வாங்கிக்கொண்டது. யாரும் எந்தப் பொருளும் கொடுக்காத, ஒரு படி கேழ்வரகுக்குக் கிடைத்த பச்சையை வாங்கிக்கொள்ள எந்தச் சடங்கிலும் வழி இல்லை. அதற்குப் பிந்தைய மாதங்களில் அம்மா தொலைக்காட்சி பார்க்கும்போதும், கீரை ஆயும்போது நடுவில் நிறுத்தியும், வலக்கைப் பெருவிரலால் இடக்கை மணிக்கட்டைத் தேய்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கேட்டால் “அரிக்குது” என்பாள்.

அண்ணன் மகளுக்கு நான் பதில் எழுதவில்லை. விடுமுறையில் வந்தபோது அவளே பாட்டியின் கையைப் பிடித்துப் பார்த்து, “இது என்ன எழுத்து அத்தை, தமிழ்தானா?” என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். தாத்தாவின் எழுத்து என்று தெரிந்ததும் அதையே அப்படியே தன் கையில் குத்திக்கொள்கிறேன் என்று தொடங்கிவிட்டாள். எனக்கும் ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அது எனக்குக் குத்துனது. உனக்குன்னு எதையாச்சும் குத்திக்க” என்றாள். கடைசியில் அவள் அந்தத் தாளிலிருந்த பிறையைத்தான் குத்திக்கொண்டாள். இப்போதைக்கு அதற்குக் கடைக்காரர் எழுதிய பொருள் மட்டும்தான். அதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவின் தேளுக்குத் தொடக்கத்தில் அதுகூட இல்லை.

ஏரிக்கரையில் ஒரு கை

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் நடுகல் இல்லாத பக்கம் குறைவு. வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் நின்றுகொண்டிருக்கும். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவன், புலியைக் குத்தி மாண்டவன், தலைவனுக்காகப் போரில் பட்டவன் என்று பலவகை. பல இடங்களில் அந்த வீரனே வேடியப்பன் ஆகிவிட்டான். மஞ்சளும் குங்குமமும் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். எடுத்து வரப்பட்டவை சில தருமபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக நிற்கின்றன. அங்கே எழுத்தையும் உருவத்தையும் தெளிவாகப் பார்க்கலாம், ஆனால் யாரும் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள். ஊரில் எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறி ஏறி எழுத்து மறைந்துபோகும். இதில் எது நல்லது என்று கல்வெட்டு படிக்கும் என் நண்பர் ஒருவரோடு வாதாடியிருக்கிறேன். அவருக்குச் சந்தேகமே இல்லை, எனக்கு உண்டு.

காவேரிப்பட்டினம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் உள்ள கல்லைப் படம் வரையப் போனேன். அதில் வீரன் இல்லை. தூண் ஒன்றிலிருந்து கிளம்பும் ஒற்றைக் கை. முழங்கையில் மடங்கி, உள்ளங்கை நிமிர்ந்து, கை நிறைய வளையல். மேலே சூரியனும் பிறையும். இது என்ன கல் என்பது தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கு வைத்த சதிக்கல் அது. முகமும் உடம்பும் இல்லாமல் கையை மட்டும் செதுக்கியதற்குக் காரணம் வளையல்கள். அவள் கைம்பெண்ணாக ஒரு நாளும் இருந்ததில்லை, வளையல் உடையாமலே போய்விட்டாள் என்று அந்தக் கை சொல்கிறது. சில ஊர்களில் இப்படிப்பட்ட பெண்களைத் தீப்பாஞ்சம்மன் என்று கும்பிடுகிறார்கள். வங்காளத்தில் 1829இல் இந்த வழக்கத்தைத் தடுத்துச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் வந்தது. கல் அதற்கெல்லாம் நெடுங்காலம் முந்தியது.

இந்தக் கல்லைச் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்ததும் பிடிக்காமல் போனது. ஒரு பெண்ணை எரித்துவிட்டு வளையலைப் பெருமைப்படுத்துகிற கல் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மாவின் கைகளைச் சேர்த்துப் பிடித்து உடைத்ததைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லின் முன் போய் உட்கார்ந்தபோது, கல் வேறு ஒன்றாகத் தெரிந்தது. அந்தக் கை வாழ்த்துவதாகவே தெரியவில்லை. யாரையோ நிறுத்துவதுபோல், தொடாதே என்று சொல்வதுபோல் இருந்தது. வளையலை உடைக்க வருகிறவர்களின் முன் தூக்கிய கை. ஒரு பெண் தன் வளையலைக் காப்பாற்றிக்கொள்ள உயிரைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாத இடத்தில் நின்றிருந்தாள் என்றால், பெருமை என்று செதுக்கியவனுக்கே தெரியாமல் இந்தக் கை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. செதுக்கியவன் நினைத்தது ஒன்று, வைத்த ஊர் நினைத்தது ஒன்று, அந்த இரண்டுக்கும் சான்று இருக்கிறது, உங்கள் மனத்தில் பட்டதற்குக் கல்லில் சான்று எங்கே என்றார். நாளைக்கு இன்னொருவர் வந்து அதைப் போக்குவரத்துக் காவலரின் கை என்பார், அதையும் ஏற்பீர்களா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. யார் வேண்டுமானாலும் எந்தச் சின்னத்துக்கும் எதையும் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்றால், ஓசூர்க் கடைத்தாளுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை; கடைக்காரர் அச்சடித்து வைத்திருக்கிறார், நான் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

காலை மாலை

நண்பருக்குப் பதில் சொல்ல எனக்குக் கிடைத்த துணை எங்கள் ஊர்க்காரர்கள்தான். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றால் அதியமான், அதியமான் என்றால் ஒளவை, இருவரும் என்றால் நெல்லிக்கனி. பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு குழந்தைக்கு ஒட்டுத்தாடி, இன்னொன்றுக்கு நரைத்த விக்கு, நடுவில் ஒரு நெல்லிக்காய் இல்லாமல் முடிவதில்லை. நெல்லி கொடையின் சின்னம். வினாத்தாளில் வந்தால் முழு மதிப்பெண். ஆனால் அதே ஒளவை அதியமானின் நடுகல்லின் முன் நின்று பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டாக இருக்கிறது. அதை யாரும் நாடகமாகப் போடுவதில்லை.

இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே

என்று அது தொடங்குகிறது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றுகிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத அவன், இந்தச் சிறிய கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று ஒளவை கேட்கிறாள். பீலி, கள், கல் எல்லாம் முறைப்படிதான் இருக்கின்றன. அவற்றின் பொருள் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், ஒளவைக்கும் தெரியும். தெரிந்தே அவளால் அதை ஏற்க முடியவில்லை. அவனை அறிந்தவளாக இருந்ததுதான் அதற்குக் காரணம். கல்லைப் பொதுவாகப் பார்த்தவர்களுக்கு அது நிறைவான சடங்கு. பழகியவளுக்கு அது போதவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகளின் கற்களில் தலைமாட்டில் சூரியனையும் பிறையையும் செதுக்கினார்கள். அவை உள்ளவரை இந்தப் புகழ் நிற்கும் என்பது பொருள். கோயில் கொடைகளுக்கும் அதையேதான் எழுதினார்கள். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஒளவையின் பாட்டைப் படித்துவிட்டு அந்தச் சூரியனையும் பிறையையும் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது, எஞ்சியவர்கள் கழிக்க வேண்டிய காலைகளும் மாலைகளும்தான். இறந்தவனுக்கு அவை அழியாப் புகழ். அம்மாவுக்கு அவை காலையில் ஒருத்திக்கு மட்டும் காப்பி போடுவது, மாலையில் தெருக்கதவை யாருக்காகவும் திறந்து வைக்காமல் தாழிடுவது. இந்த இரண்டாவது பொருளுக்குக் கல்லில் சான்று கிடையாது என்பது உண்மைதான். ஆனால் முதல் பொருள் தெரியாமல் இரண்டாவது எனக்கு வந்திருக்காது. கடைத்தாளிலிருந்து இதைப் பிரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். போக்குவரத்துக் காவலரின் கை என்கிறவர் பழைய பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கிறார். ஒளவை பழைய பொருளைத் தூக்கிக்கொண்டே அதோடு சண்டை போடுகிறாள்.

வகுப்பில் ஒருமுறை, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும் ஒரு சின்னத்தை வரையுங்கள் என்று சொன்னேன். பெரும்பாலோர் இதயமும் பூவும் வரைந்தார்கள். ஒரு பையன் சாந்துச் சட்டியை வாசல் சுவரில் சாய்த்து வைத்ததாக வரைந்திருந்தான். அவன் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர். சட்டி வாசலில் இருந்தால் அப்பா ஊரில் இருக்கிறார் என்று பொருள். பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலிருந்தே பார்ப்பானாம். அந்தச் சட்டிக்கு அப்படி ஒரு பொருளை யாரும் முடிவுசெய்து வைக்கவில்லை. பார்த்துப் பார்த்து அவனுக்கு வந்தது. தவறாமல் வந்துபோகும் ஒருவர் இருந்ததால் வந்தது. கோடு சுமார்தான், நிழல் சொல்லிக்கொடுத்தபடி இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

ரப்பர்

ஏரிக்கரைக் கையின் படத்தை வீட்டில் வைத்து முடிக்கும்போது, வளையல்களை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்குப் பிடிக்காத பொருள் முழுவதும் அந்த வளையல்களில்தான் இருந்தது. அவை இல்லாவிட்டால் அது வெறும் தூக்கிய கை. நான் நினைக்கிற பொருளுக்கு எந்த இடையூறும் இல்லை. அவற்றின் இடத்தில் கோலமும் தேளும் போட்டு, மணிக்கட்டில் பழைய ‘லை’யையும் வைத்தால் படம் நன்றாகவே வரும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ரப்பரைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. தானாக இறங்கினாளா, இறக்கினார்களா என்பதும் தெரியாது. அவளுடையது என்று மிஞ்சியிருப்பவை அந்த வளையல்கள். அவற்றை எடுத்துவிட்டு என் அம்மாவின் பச்சையைப் போடுவது, விடியுமுன் என் வீட்டில் நடந்ததையே நான் கல்லுக்குச் செய்வதாகும். நல்ல நோக்கத்தோடுதான், அன்றைக்கு உடைத்தவர்களுக்கும் நல்ல நோக்கம் இருந்தது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டு வளையல்களை ஒவ்வொன்றாக அழுத்தி வரைந்தேன். கல்லில் தேய்ந்துபோன இடத்தில் தேய்ந்தபடியே விட்டேன்.

அம்மாவின் கையைத் தனித்தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். “எதுக்குடி இதையெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே, வெளிச்சம் விழும் பக்கமாகக் கையைத் திருப்பிக் காட்டுகிறாள். பெயரில் ‘லை’ மட்டும் சரியாக வரவில்லை. அப்பா பின்னுக்கு இழுக்கும் அந்த வளைவுக்காகப் பரணிலிருந்து அவருடைய கணக்குப் புத்தகங்களை இறக்கி வைத்திருக்கிறேன்.